அதிரும் குழாய்கள்: வீட்டு வெப்பமூட்டலில் ஒலியின் காரணம் கண்ட வரலாறு

மைய வெப்பமூட்டல் என்பது வீட்டின் ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி, அதைக் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்பி, சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களால் அறையைக் கதகதப்பாக்கும் ஏற்பாடு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கோடிக்கணக்கான வீடுகளின் குளிர்காலம் இதை நம்பியே கழிகிறது. அறைக்கு அறை எரிந்த கணப்பும் அதன் புகையும் இதனால் நீங்கின. அவற்றின் இடத்தில் குழாய்களின் ஒலி வந்து சேர்ந்தது. டமடமவென்ற அடி, இடைவிடாத ரீங்காரம், களகளப்பு, சீழ்க்கை, டிக் டிக் என்ற மெல்லிய தட்டல் என அந்த ஒலி பல வகைப்படும்.

இவற்றின் வரலாறும் வெப்பமூட்டலின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னியவை. நீராவி ஓடிய காலத்துக்கு ஓர் ஒலி, பம்பு வந்த காலத்துக்கு வேறோர் ஒலி, மெல்லிய செம்புக் குழாய்க்கு ஒன்று, தானாக மூடித் திறக்கும் வால்வுக்கு இன்னொன்று என்று ஒவ்வொரு முன்னேற்றமும் தனக்கே உரிய கோளாறையும் கொண்டுவந்தது. ஒரு வீட்டின் குழாய் எந்தக் காலத்து அமைப்பு என்று அறிந்துகொண்டால், அதன் அதிர்வுக்குக் காரணம் காணும் வேலையில் பாதி முடிந்துவிடும்.

ஓசையின்றி ஓடிய நீர்

சூடான நீரைக் குழாயில் ஓடவிட்டு இடத்தை வெப்பமூட்டும் முயற்சி வீடுகளில் தொடங்கவில்லை. சுவீடனைச் சேர்ந்த பொறியாளர் மார்ட்டென் ட்ரீவால்ட் 1716இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஒரு கண்ணாடிச் செடிவீட்டை இம்முறையில் சூடாக்கினார். 1777இல் பிரான்சில் ழான் சிமோன் பொன்னமேன், கோழிக்குஞ்சு பொரிக்கும் கூடங்களுக்கு வெந்நீர்க் குழாய்களை அமைத்தார். வெப்பநிலை ஏறினால் தீயைத் தானே தணிக்கும் கருவியையும் அதில் பொருத்தினார். செடிக்கும் முட்டைக்கும் கிடைத்த வசதி மனிதரின் வீட்டுக்கு வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்த அமைப்புகளில் நீரைத் தள்ள எந்த எந்திரமும் இல்லை. சூடான நீர் எடை குறைந்து மேலே ஏறும். வெப்பத்தை இழந்த நீர் கனத்துக் கீழே இறங்கும். 80 பாகை செல்சியஸ் நீருக்கும் 60 பாகை நீருக்கும் அடர்த்தியில் உள்ள வேறுபாடு நூற்றில் ஒரு பங்கை ஒட்டியது. கொதிகலனுக்கும் ரேடியேட்டருக்கும் ஐந்து மீட்டர் உயர வேறுபாடு இருந்தாலும், நீரை நகர்த்தும் உந்துதல் ஏறத்தாழ ஐந்தரை சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம்தான். அவ்வளவு சிறிய விசைக்கு இடம் கொடுக்கக் குழாய்கள் பருமனாக இருக்க வேண்டியிருந்தது. பருத்த குழாயில் மெல்ல நகரும் நீர் ஓசை எழுப்புவதில்லை.

அந்த அமைப்பின் எதிரி காற்று. நீர் சூடாகும்போது அதில் கரைந்திருந்த காற்று பிரிந்து, குழாயின் மேட்டுப்பகுதியில் தங்கி, ஓட்டத்தையே மறித்துவிடும். 1837இல் வெளிவந்த சார்ல்ஸ் ஹூட்டின் வெந்நீர் வெப்பமூட்டல் நூல் குழாய்களில் சேரும் காற்றைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. குழாய்க்குச் சீரான வாட்டம் கொடுப்பது, மிக உயர்ந்த இடத்தில் காற்றுக்கு வழி விடுவது என்ற இரண்டு விதிகளும் அந்தக் காலத்திலேயே நிலைபெற்றுவிட்டன. ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ந்தும் கீழ்ப்பாதி சூடாகவும் இருந்து, உள்ளே களகளவென்று ஒலி கேட்டால் காற்று சேர்ந்திருக்கிறது என்று பொருள். இந்த முடிவு இன்றும் மாறவில்லை.

இதற்கு நேர்மாறான வழியை எடுத்தவர் ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ். அமெரிக்காவில் பிறந்து லண்டனில் தொழில் செய்த இவர், 1831இல் உயர் அழுத்த வெந்நீர் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஏறத்தாழ ஓர் அங்குலம் பருமனே உள்ள, தடித்த சுவர்கொண்ட தேனிரும்புக் குழாயை முற்றாக மூடிய வளையமாக்கி, நீரைக் கொதிநிலைக்கும் மேலே சூடாக்கினார். லண்டனில் சர் ஜான் சோன் தம் வீட்டு அருங்காட்சியகத்தில் 1832இல் இதைப் பொருத்திக்கொண்டார். குழாய் மெலிந்தால், அதே வெப்பத்தைத் தர நீர் கூடுதல் விரைவோடும் சூட்டோடும் ஓட வேண்டும். இரும்பின் நீட்சியும் கூடும். பத்து மீட்டர் நீள இரும்புக் குழாயின் வெப்பநிலை 150 பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ 18 மில்லிமீட்டர் நீளும். நீளும் குழாய்க்கு இடம் விடாவிட்டால் அது தான் தொட்டிருக்கும் சுவரிலும் தாங்கியிலும் உராய்ந்து ஓசை எழுப்பும். மெலிந்த குழாய்க்கும் ஓசைக்கும் உள்ள இந்த உறவு, நூறாண்டுகளுக்குப் பின் சாதாரண வீடுகளில் பெரிய அளவில் வெளிப்பட்டது.

நீராவியும் சம்மட்டி அடியும்

ஜேம்ஸ் வாட் 1784இல் தம் அறையை நீராவியால் சூடாக்கிப் பார்த்தார். ஆலைகளில் பரவிய இந்த முறை வீடுகளில் வேரூன்றியது அமெரிக்காவில்தான். லண்டனில் பெர்கின்சிடம் தொழில் பழகிய ஜோசஃப் நேசன், 1840களில் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் வால்வர்த்துடன் சேர்ந்து, மெல்லிய தேனிரும்புக் குழாய்களில் நீராவியை ஓடவிடும் வேலையைத் தொழிலாக வளர்த்தார். 1863இல் நேசனும் ராபர்ட் பிரிக்ஸும் செங்குத்துக் குழாய்களை அடிப்பீடத்தில் திருகிய ரேடியேட்டருக்குக் காப்புரிமை பெற்றனர். பின்னர் வார்ப்பிரும்பு ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது. 1877இல் பேர்ட்சில் ஹாலி நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட் ஊரில், ஒரே கொதிகலன் கூடத்திலிருந்து தெருவழியாகப் பல வீடுகளுக்கு நீராவி அனுப்பிக் காட்டினார். 1882இல் நியூயார்க் நகரின் நீராவிக் குழுமம் சேவையைத் தொடங்கியது. மன்ஹாட்டன் தெருக்களின் அடியில் இன்றும் நீராவி ஓடுகிறது.

வீட்டு நீராவி அமைப்பில் மிக எளியது ஒற்றைக்குழாய் முறை. ஆவி ரேடியேட்டருக்கு ஏறுவதும், அங்கே குளிர்ந்து நீராகி இறங்குவதும் ஒரே குழாயில்தான். குழாயின் வாட்டம் சரியாக இருந்தால் நீர் அடியில் ஒட்டி இறங்கும். ஆவி மேலே ஏறும். இரண்டும் ஒன்றையொன்று தடுக்காது. வாட்டம் கெட்டு ஓரிடத்தில் குழாய் தொய்ந்தால் அங்கே நீர் குளமாகத் தேங்கும். விரைந்து வரும் ஆவி அந்த நீரின்மேல் அலையை எழுப்பும்; அலை உயர்ந்து குழாயின் வாயை அடைக்கும்; அடைத்த நீர்க்கட்டியை ஆவி பின்னின்று தள்ள, அது அடுத்த குழாய் வளைவில் மோதும். இன்னொரு வழியிலும் அடி விழும். குளிர்ந்த நீரின் நடுவே சிக்கிய ஆவிக்குமிழி சட்டென்று நீராகச் சுருங்கும். சாதாரண அழுத்தத்தில் ஆவி, அது உருவான நீரைப் போல 1,600 மடங்குக்கு மேல் இடம் பிடிப்பது. அவ்வளவு இடமும் கணத்தில் வெறுமையாகும்போது சுற்றியுள்ள நீர் எல்லாப் பக்கமிருந்தும் பாய்ந்து மோதும். சம்மட்டியால் குழாயை அடிப்பது போன்ற ஓசை இதனால் எழுகிறது. நீர்ச் சம்மட்டி என்ற பெயர் இதற்கு முழுக்கப் பொருந்தும்.

பழைய நீராவிக் குழாய்ப் பணியாளர்களுக்கு இதன் காரணத்தைக் காண இரண்டு கருவிகள் போதுமாயிருந்தன: ஒன்று ரசமட்டம், மற்றொன்று காது. ரேடியேட்டரின் மேல் ரசமட்டத்தை வைத்து, நீர் வால்வு இருக்கும் பக்கம் சரிகிறதா என்று பார்ப்பார்கள். பலகைத் தளம் ஆண்டுக்கணக்கில் கனத்த வார்ப்பிரும்பைத் தாங்கி அமிழ்ந்திருந்தால் ரேடியேட்டர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். காலடியில் ஒரு சிறு மரக்கட்டையைச் செருகினாலே பல வீடுகளில் அடி நின்றுவிடும். வால்வு பாதி திறந்திருந்தாலும் அடி விழும்; குறுகிய வாயில் ஏறும் ஆவியும் இறங்கும் நீரும் மோதிக்கொள்ளும். ஒற்றைக்குழாய் முறையில் வால்வை முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுக்க மூடியிருக்க வேண்டும்.

அடி எப்போது விழுகிறது என்பதும் ஒரு சான்று. கொதிகலன் மூட்டிய சிறிது நேரத்தில் விழுந்தால், தொய்ந்த குழாயில் முந்தைய ஓட்டத்தின் நீர் தேங்கியிருக்கிறது. இடையில் விழுந்தால், கொதிகலன் நீர் அழுக்கேறி நுரைத்து, ஆவியோடு நீரும் சேர்ந்து போகிறது. அல்லது கொதிகலனை ஒட்டிய குழாய்ப்பணி தவறு. முடிவில் விழுந்தால், திரும்பும் குழாய் கசடால் அடைபட்டு நீர் பின்னேறுகிறது. 1919இல் ஹார்ட்ஃபோர்டு நீராவிக் கொதிகலன் ஆய்வு காப்பீட்டுக் குழுமம் பரிந்துரைத்த குழாய் வளையம் இந்த வரலாற்றில் ஓர் அடையாளக் கல். திரும்பும் குழாய் ஒழுகினாலும் கொதிகலன் வற்றிப்போகாமல் காப்பது அதன் நோக்கம். கொதிகலனின் ஆவிக் குழாயையும் திரும்பும் குழாயையும் இணைப்பது சமன்குழாய்; அந்த வளையத்தை அதனோடு சேர்க்கும் துண்டு மிகக் குட்டையாக இருந்தாக வேண்டும். நீண்ட துண்டைப் போட்டால் அதிலேயே ஆவி புகுந்து அடி விழும். பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடுகூட அளவு பிசகினால் ஓசைக்கு ஊற்றாகும் என்பதை இது காட்டுகிறது.

அடியை அளந்த அறிவியல்

ஓடும் நீர் திடீரென்று நின்றால் குழாயில் அழுத்தம் எகிறும் என்பது வெப்பமூட்டலுக்கு வெளியே முதலில் ஆராயப்பட்டது. ஜான் ஒயிட்ஹர்ஸ்ட் 1772இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் அந்த எகிறலையே பயன்படுத்தி நீரை மேட்டுக்கு ஏற்றும் கருவியைச் செய்தார். 1796இல் பிரான்சின் ஜோசஃப் மோன்கோல்ஃபியே அதைத் தானே இயங்கும் நீரேற்றியாக மாற்றினார். எரிபொருள் எதுவும் இன்றி, நீரின் அடியாலேயே நீரை ஏற்றும் கருவி அது.

இந்த அடியை முழுமையாக அளந்தவர் ரஷ்ய அறிஞர் நிக்கோலாய் ஜுக்கோவ்ஸ்கி. மாஸ்கோ நகரின் குடிநீர்க் குழாய்கள் வெடித்துக்கொண்டிருந்ததால், 1897–98இல் அலெக்சேயெவ் நீரேற்று நிலையத்தில் நீண்ட குழாய்களை வைத்து அவர் சோதனைகள் நடத்தினார். அழுத்தம் எவ்வளவு எகிறும் என்பது, நீரின் அடர்த்தி, குழாய்க்குள் அழுத்த அலை ஓடும் வேகம், நீரோட்ட வேகத்தில் நேர்ந்த மாற்றம் ஆகிய மூன்றின் பெருக்கல் என்று அவர் நிறுவினார். அலையின் வேகம் நொடிக்கு 1,300 மீட்டர் என்று கொண்டால், நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடிய நீர் சட்டென்று நிற்கும்போது எழும் அழுத்தம் 13 பார். வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பதின்மூன்று மடங்கு.

இதிலிருந்து கிடைத்த பயன்மிக்க முடிவு, வால்வு மூடும் நேரத்தைப் பற்றியது. குழாயின் கோடிக்கு அலை சென்று திரும்பும் நேரத்துக்குள் வால்வு மூடிவிட்டால் முழு அடியும் விழும். அதைவிட மெல்ல மூடினால் அடி தணியும். வீட்டில் குழாய் 'டம்' என்று ஒரே ஒரு முறை அடித்து ஓய்ந்தால், அந்தக் கணத்தில் எந்த வால்வு மூடியது என்று தேடும் பழக்கம் இந்த விதியில் வேர்கொண்டது.

பம்பின் ரீங்காரம்

எந்திரம் இல்லாத வெந்நீர் முறையின் மௌனம் இருபதாம் நூற்றாண்டில் கலைந்தது. ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வில்ஹெல்ம் ஆப்லேண்டர் 1928இல், குழாயின் வளைவுக்குள்ளேயே விசிறியை வைத்து மின்மோட்டாரால் சுழற்றும் கருவியை உருவாக்கினார். வீட்டுச் சுற்றோட்டப் பம்பின் முன்னோடி அது. அமெரிக்காவில் பெல் அண்ட் காசெட் நிறுவனத்தின் 'பூஸ்டர்' பம்பு பரவியது. இனி நீர் தானே ஏறி இறங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. குழாய் மெலியலாம், நீளலாம், வாட்டம் இல்லாமலும் ஓடலாம்.

பம்போடு புதிய ஓசையும் வந்தது. மாறுதிசை மின்சாரம் மோட்டாரின் இரும்பை நொடிக்கு அதன் அலைவெண்ணைப் போல இருமடங்கு முறை அதிரச் செய்யும். ஐரோப்பாவில் 100, அமெரிக்காவில் 120 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ரீங்காரம் அது. விசிறியின் இதழ் ஒவ்வொன்றும் வெளிவாயைக் கடக்கும்போது ஒரு துடிப்பு எழும்; சுழற்சியையும் இதழ் எண்ணிக்கையையும் பெருக்கினால் அதன் அலைவெண் கிடைக்கும். இந்தத் துடிப்பு குழாயின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால், பம்பின் அருகே கேட்காத ஓசை மாடியறையில் பெரிதாகக் கேட்கும். உலோகத்தில் ஒலி காற்றில் செல்வதைப் போல பத்து மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில், அதிகம் தேயாமல் செல்வது. ஓசை கேட்கும் இடமும் பிறக்கும் இடமும் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

பூஸ்டர் பம்பில் மோட்டாரும் பம்பும் தனித்தனி. இரண்டையும் வில்லுச்சுருள் கொண்ட ஓர் இணைப்பு சேர்க்கும். மோட்டார் ரப்பர் தாங்கிகளில் அமர்ந்திருக்கும். எண்ணெய் அளவுக்கு மீறி விட்டால் ரப்பர் ஊறி இளகி மோட்டார் தாழும், அச்சு கோணும், வில்லு கடகடத்து ஒருநாள் முறியும். அதன் பின் ஐரோப்பாவில் பரவிய, சுழலியே நீரில் மூழ்கியிருக்கும் பம்புக்கு எண்ணெயும் வேண்டாம், இணைப்பும் வேண்டாம். அதன் பேரிங்கை நீரே வழவழப்பாக்கும். ஆனால் நீரில் காற்றோ கரும்பொடியோ சேர்ந்தால் அந்தப் பேரிங் தேய்ந்து கொரகொரக்கும்.

பம்பை எங்கே வைப்பது என்பதும் ஒலியின் கேள்வியாயிற்று. சூடாகும் நீர் விரிவதற்கு இடம் தரும் தொட்டி, அமைப்பில் எங்கே சேர்கிறதோ அந்த இடத்தில் பம்பு ஓடினாலும் நின்றாலும் அழுத்தம் மாறுவதில்லை. 1960களில் பெல் அண்ட் காசெட்டின் கில் கார்ல்சன் இதைத் தெளிவாக விளக்கினார். பம்பு அந்த இடத்திலிருந்து நீரை அப்பால் தள்ளும்படி இருந்தால் குழாய் முழுவதும் அழுத்தம் கூடும். காற்று கரைந்தே இருக்கும். பம்பு அந்த இடத்தை நோக்கித் தள்ளினால் அதன் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைந்து, காற்றுக் குமிழிகள் பிரியும்; சூடு மிகுந்திருந்தால் நீரே ஆவிக்குமிழியாகி உடையும். கூழாங்கற்கள் உருள்வது போன்ற ஒலி பம்புக்குள் கேட்பதற்கு இது முக்கியக் காரணம். ஆயிரக்கணக்கான வீடுகளில் பல ஆண்டுகள் தொடர்ந்த களகளப்பை, பம்பை இடம் மாற்றியே நிறுத்த முடிந்தது.

பிரிட்டனின் மெல்லிய செம்புக் குழாய்கள்

பிரிட்டனில் மைய வெப்பமூட்டல் பொதுமக்களின் வீடுகளுக்கு வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பின். 1952 டிசம்பரில் லண்டனை மூடிய புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. நிலக்கரிக் கணப்பை மக்கள் கைவிடத் தொடங்கினர். 1950களில் பிரிட்டிஷ் நிலக்கரிப் பயன்பாட்டு ஆய்வுச் சங்கம், அரை அங்குலச் செம்புக் குழாயையும் சிறு பம்பையும் கொண்ட முறையை முன்னெடுத்தது. சுவரை இடிக்காமல், இருக்கும் வீட்டிலேயே பொருத்தலாம் என்பதே அதன் சிறப்பு. 1967 முதல் 1977 வரை நாடு முழுவதும் வடகடல் எரிவாயுவுக்கு மாறியது. 1972இல் 37 விழுக்காடு வீடுகளில் இருந்த மைய வெப்பமூட்டல், நூற்றாண்டின் முடிவில் பத்தில் ஒன்பது வீடுகளை எட்டியது.

இந்தப் பரவலின் வேகம் குழாய்ப்பணியில் தெரிந்தது. பலகைத் தளத்தைப் பெயர்த்து, அடியிலுள்ள மர உத்திரங்களில் குழாயளவுக்கே பள்ளம் வெட்டி, குழாயை இறுக்கமாக அமர்த்தி, மேலே பலகையை அறைந்தார்கள். பத்து மீட்டர் செம்புக் குழாயின் சூடு 60 பாகை உயர்ந்தால் அது ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளும். மரத்தில் சிக்கிய குழாய் அந்த நீட்சியைச் சிறுசிறு உதறல்களாக வெளியிடும்; டிக் டிக் என்ற தட்டலும் கிரீச்சொலியும் அதுவே. கொதிகலன் மூட்டிய சில நிமிடங்களில் தொடங்கி, குழாய் முழுக்கச் சூடானதும் ஓய்ந்து, அணைத்தபின் குளிரும்போது மறுபடியும் கேட்பது இதன் அடையாளம். பள்ளத்தை அகட்டி, குழாயின் அடியில் கம்பளித் துண்டையோ பிளாஸ்டிக் கிளாம்பையோ வைத்தால் ஒலி அடங்கும்.

1960களின் இறுதியில் 8, 10 மில்லிமீட்டர் நுண்குழாய் முறையும் வந்தது. மெலிந்த குழாயில் அதே வெப்பத்தை அனுப்ப நீர் விரைந்து ஓட வேண்டும். நீரின் வேகம் நொடிக்கு 1.2 மீட்டரைத் தாண்டினால் ஓசை கேட்கத் தொடங்கும்; 0.6 மீட்டருக்குக் குறைந்தால் காற்றுக் குமிழிகளை அடித்துச் செல்லாது. வீட்டுக் குழாய்களின் அளவைத் தீர்மானிப்பவர்கள் இந்த இரண்டு எல்லைகளுக்குள் நிற்கக் கற்றார்கள். பம்பின் வேகத்தை ஒரு படி குறைத்ததும் சீழ்க்கையோ 'உஸ்' என்ற இரைச்சலோ நின்றால், நோய் வேகம்தான் என்று முடிவுகட்டலாம்.

கொதிகலனிலும் ஓர் ஒலி பிறந்தது. லண்டன் போன்ற கடின நீர் ஊர்களில் கொதிகலனின் உட்சுவரில் சுண்ணாம்புப் படிவு ஏறும். படிவுக்கு அடியில் மாட்டிய நீர் ஆங்காங்கே கொதித்து, ஆவிக்குமிழி உருவாகி உடையும். அடுப்பில் கெட்டில் கொதிப்பது போன்ற உறுமல் கேட்கும். எஃகு ரேடியேட்டர்கள் உள்ளே துருப்பிடித்து உண்டாகும் கருஞ்சேறும் இதையே செய்யும். அந்தத் துருவேறலில் ஹைட்ரஜன் வாயுவும் வெளிவரும். ரேடியேட்டரில் அடிக்கடி காற்று திறந்துவிட வேண்டியிருந்தால், அங்கே சேர்வது வெளியிலிருந்து புகுந்த காற்றா, உள்ளே அரிப்பால் பிறந்த ஹைட்ரஜனா என்று பார்க்க வேண்டும். பின்னதானால், குழாய்களைக் கழுவி அரிமானத் தடுப்பு மருந்தைச் சேர்ப்பதே தீர்வு. வாரந்தோறும் திறந்துவிடுவதால் பயனில்லை.

பிரிட்டிஷ் வீடுகளில் வெப்பமூட்டலின் மேல் பழிபோட்ட இன்னொரு ஓசையும் உண்டு. கூரைக்கடியிலுள்ள தொட்டியில் மிதவை வால்வு மூடும் தறுவாயில், தொட்டி நீரின் சிற்றலைமேல் மிதவை ஆடி ஆடி வால்வைத் திறந்து மூடும். அந்த அடி குளிர்நீர்க் குழாய் வழியே வீடெங்கும் அதிரும். குளியலறைக் குழாயை மூடிய சிறிது நேரத்தில் முழக்கம் எழுந்தால், வெப்பமூட்டலை முழுக்க அணைத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் கேட்டால் குற்றம் மிதவையினுடையது.

தானியங்கி வால்வின் படபடப்பு

அறையின் சூட்டை உணர்ந்து ரேடியேட்டரைத் தானே மூடித் திறக்கும் வால்வை டென்மார்க்கின் மாட்ஸ் கிளாசன் 1943இல் உருவாக்கினார். அவருடைய டான்ஃபாஸ் நிறுவனம் 1950களின் தொடக்கத்தில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எரிபொருளைச் சிக்கனப்படுத்தியதால் ஐரோப்பா முழுவதும் பரவிய இந்தச் சிறு கருவிதான், வீட்டுக் குழாய்களில் கேட்கும் மிகக் கடுமையான அதிர்வுக்கும் காரணமாயிற்று.

பழைய வகை வால்வுகளின் உடலில் ஓர் அம்புக்குறி இருக்கும். நீர் அந்தத் திசையில், வால்வை மூடும் வட்டை அடியிலிருந்து தூக்கும்படி பாய வேண்டும். வருகுழாயும் திரும்புகுழாயும் மாறிப்போனால் நீர் வட்டை அதன் இருக்கைமேல் அழுத்தும். அறை சூடேறி வால்வு மூடும் நிலையை நெருங்கும்போது, இடுக்கில் விரையும் நீர் வட்டைச் சட்டென்று இழுத்து மூடும், ஓட்டம் நின்றதும் வில்லு அதை மறுபடி திறக்கும், மறுபடி இழுபடும். ஒரு நொடியில் இது பலமுறை நிகழ்வதால் குழாய் முழுவதும் படபடத்து உதறும். அறை குளிர்ந்திருக்கும்போது ஒலியே இராது; இதமாகும்போதுதான் தொடங்கும். இந்த அடையாளம் அறியாதவர்கள் பம்பை மாற்றினார்கள், கொதிகலனையே மாற்றினார்கள், படபடப்பு நீங்கவில்லை. வால்வின் தலையை முழுக்கத் திறந்ததும் அதிர்வு நின்றால் காரணம் உறுதியாகிவிடும். வால்வை ரேடியேட்டரின் மறுமுனைக்கு மாற்றுவது, அல்லது இரு திசைக்கும் ஏற்ற வால்வைப் பொருத்துவது இதற்குத் தீர்வு. இருதிசை வால்வுகள் பின்னாளில் பெருகியதே இந்தக் குறையைத் தீர்க்கத்தான்.

அமெரிக்க வீடுகளில் பகுதிவாரியாக நீரை நிறுத்தும் மின்வால்வுகளிலும் இதே தவறு நேர்ந்தது. நீரின் ஓட்டத்தை எதிர்த்து மூட வேண்டிய வால்வைத் திருப்பிப் பொருத்தினால், மூடும் கடைசிக் கணத்தில் ஓட்டமே அதை அறைந்து சாத்தும். ஜுக்கோவ்ஸ்கி அளந்த அடி அங்கே சிறிய அளவில் விழும்.

பெரும்பாலான ரேடியேட்டர்கள் சேர்ந்து மூடிக்கொண்டால் நிலையான வேகப் பம்பு, திறந்திருக்கும் ஓரிரு வால்வுகள் வழியே முழு விசையோடு நீரைத் தள்ளும், சீழ்க்கை கேட்கும். அழுத்தம் கூடினால் தானே திறந்து நீரைத் திரும்பவிடும் மாற்றுவழி வால்வு இதற்காகச் சேர்க்கப்பட்டது.

அண்மைக் காலம்

2005 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புகைப்போக்கியின் வெப்பத்தையும் மீட்கும் சிக்கனக் கொதிகலன்கள் கட்டாயமாயின. 2013 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் மின்சாரத்தை வீணாக்கும் பழைய சுற்றோட்டப் பம்புகளை விற்பனையிலிருந்து விலக்கின. தேவைக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் பம்புகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. வால்வுகள் மூடினால் இவையும் தணியும் என்பதால் சீழ்க்கை பெரிதும் குறைந்தது. ஆனால் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால், ஏதோ ஒரு வேகத்தில் குழாயின் இயல்பதிர்வோடு ஒத்துப்போய்ச் சில நிமிடம் மட்டும் ரீங்கரித்து அடங்கும் புதுவகை ஒலி தோன்றியது.

கொதிகலனின் இடத்தில் இப்போது பரவிவரும் வெப்ப ஏற்றிகள் (ஹீட் பம்புகள்) அதே பாடத்தை மறுபடியும் நடத்துகின்றன. பழைய கொதிகலன் நீரை 82 பாகையில் அனுப்பி 71இல் திரும்பப் பெற்றது. இடைவெளி 11 பாகை. வெப்ப ஏற்றிகளில் அந்த இடைவெளி பெரும்பாலும் 5 பாகையை ஒட்டியது. அதே வெப்பத்தைத் தர இருமடங்குக்கு மேல் நீர் ஓட வேண்டும். நுண்குழாய் பதித்த வீடுகளில் அந்த நீர் வேக எல்லையைத் தாண்டி இரைகிறது. ஐம்பதாண்டுக்கு முன் மிச்சப்படுத்திய செம்பின் விலையை இன்றைய வீட்டுக்காரர் கொடுக்கிறார்.

காரணம் காணும் ஒழுங்கு

இந்த நீண்ட அனுபவத்திலிருந்து ஓர் ஒழுங்கு உருவாகியிருக்கிறது. முதலில் அமைப்பின் காலமும் வகையும்: நீராவியா, பம்பில்லாத வெந்நீரா, செம்புக் குழாயா, தானியங்கி வால்வுகள் உண்டா என்பது. அடுத்து, ஒலி எழும் நேரம்: மூட்டியவுடனா, அறை சூடான பின்பா, அணைத்த பின்பா என்பது. பிறகு ஒலியின் வகை. ஒரே அடி வால்வையும், தொடர் படபடப்பு திசை மாறிய வால்வையும், ரீங்காரம் பம்பையும், களகளப்பு காற்றையும், உறுமல் கொதிகலன் படிவையும், டிக் டிக் நீட்சியையும் காட்டும். கடைசியாகச் சோதனை: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பம்பை ஒரு படி குறைப்பது, ஒரு வால்வை முழுக்கத் திறப்பது, குழாயைக் கையால் அழுத்திப் பிடிப்பது, நீண்ட திருப்புளியின் முனையைக் குழாயில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து ஒலி வலுக்கும் திசையில் நகர்வது ஆகியவை எவரும் செய்யக்கூடியவை. கொதிகலனின் உள்ளே கைவைப்பது வேறு. பிரிட்டனில் எரிவாயுப் பணியை அதற்கெனப் பதிவுபெற்றவர்கள் மட்டுமே செய்யலாம் என்பது சட்டம்.

லண்டனிலும் பிற குளிர் நகரங்களிலும் பழைய வீடுகளில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்த வரிசை உதவும். பம்பையோ கொதிகலனையோ மாற்றச் செலவழிப்பதற்கு முன், ஒலி எழும் நேரத்தையும் அதன் வகையையும் சில நாள் குறித்துவைத்து, வேலைக்கு வருபவரிடம் காட்டுவது நல்லது. பெரும்பாலான அதிர்வுகளுக்குக் காரணம் விலையுயர்ந்த பாகம் அல்ல. கெட்ட வாட்டம், இறுகிய பள்ளம், தேங்கிய காற்று, திசை மாறிய வால்வு ஆகியவையே.